காய்க்குப் பிறந்தவன்

— அங்க என்ன இருக்குன்னு போறீங்க பெரியவரே? யானை இல்ல, சிங்கம் இல்ல. கருவாட்டு வாடையும் காத்தும்தான். வெள்ளைக்காரங்ககூட கேமராவ உறையில போட்டுட்டுத் தாண்டிப் போயிடுவாங்க.

— சும்மா, ஊர் பாக்கத்தான். நீ ரோட்டப் பாத்து ஓட்டு தம்பி.

— ரோடா? எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்! மழை பேஞ்சா குளம், காஞ்சா குழி. ஹோமா பே ஸ்டாண்டுல அத்தன மோட்டார் சைக்கிள் நிக்குதே, இந்தத் துறைக்கு வர்றது இந்த ஒடேராவோட வண்டி ஒண்ணுதான். ஏன்னு கேளுங்க. மத்தவனுக்கெல்லாம் அறிவு இருக்கு.

— ஒடேராவா உன் பேரு?

— ஆமா. உங்க பேரு?

— செலமானி.

— பேரு எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பேரு. பேச்சு மட்டும் எங்க ஏரிக்கரைப் பேச்சா இருக்கே!

— முவான்சாவுல இருக்கேன். அங்கயும் நம்ம ஜனம் உண்டு. மீன் இருக்கற எடத்துல எல்லாம் நாம இருப்போமே.

— அது சத்தியம். வீட்டுல எல்லாரும் சுகமா? அம்மா, புள்ளைங்க?

— யாருமில்ல. இருந்தவளும் போன மழைக்காலத்துல போய்ச் சேந்துட்டா. ஒத்த ஆளுக்குக் களி கிண்டறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா தம்பி? எப்படிக் கிண்டுனாலும் மிஞ்சிப் போகுது. எதுத்தாப்புல உக்காந்து திங்க ஆளில்ல.

— அடடா. அதான் ஊர் சுத்தக் கெளம்பிட்டீங்களாக்கும்.

— நிறுத்து. இங்க நிறுத்து.

— இங்கயா? துறை இன்னும் கீழ இருக்கு பெரியவரே.

— இங்கதான். அந்தக் கள்ளி வேலி போட்ட வீடு தெரியுதே, அதப் பாக்கணும்.

— அந்த வீட்டையா? மூணு குடிசை, ஒரு கோழிக்கூடு. இதப் பாக்கவா முவான்சாவுலேருந்து வந்தீங்க? டிக்கெட் போட்டா நான் பணக்காரன் ஆயிடுவேன் போலிருக்கே!

— அந்தப் பெரிய வீட்டுக்கு வலப்பக்கமா ஒரு சமாதி இருக்கே, சிமெண்ட்டு பூசி. அது யாரோடது?

— ஒகேயோவோடது. ஏரியில போனவரு. புயல்ல படகு கவுந்துடுச்சு. கூடப் போனவங்க உடம்பு கரை ஒதுங்குச்சு, இவரோடது கெடைக்கவே இல்ல. ஒரு ரகசியம் சொல்லட்டுமா? அந்தக் குழியில ஆளே இல்ல.

— தெரியும். யாகோ காய் இருக்கும்.

— அட! உங்க பக்கமும் அப்படித்தானா?

— பின்ன? உடம்பு கெடைக்காதவனுக்குப் பதிலா அந்தக் காயப் புதைக்கணும். இல்லேன்னா செத்தவன் நிம்மதியில்லாம வீட்டச் சுத்திச் சுத்தி வருவான்.

— அதேதான். மரத்துல சுரைக்காய் கணக்கா நீட்டமாத் தொங்குமே, அதுல பெருசா ஒண்ணப் பறிச்சு, துணியில சுத்தி, மாடு வெட்டி, பாட்டுப் பாடி அடக்கம் பண்ணாங்களாம். கூரை உச்சியில இருந்த கம்பையும் ஒடிச்சுப் போட்டாங்க. வீட்டு ஆம்பள போயிட்டான்னு ஊருக்குத் தெரியணுமில்ல?

— அழுதாங்களா?

— யாரு?

— ஊர்க்காரங்க. அந்தக் காய்க்கு முன்னால நின்னு அழுதாங்களான்னு கேக்கறேன்.

— நல்லாக் கேட்டீங்க போங்க! இப்பவும் அழற ஜீவன் ஒண்ணு இருக்கு. அந்தா, பாயில ஒமேனா மீனப் பரப்பிக் காய வைக்குதே...

— அகோத்.

— என்னது? பேர நான் சொல்லலியே!

— தலை பூரா நரைச்சுடுச்சு. ஆனா குனியறது மட்டும் அப்படியே இருக்கு. ஒரு கைய இடுப்புல வெச்சுக்கிட்டு, ஏரிகூடச் சண்டைக்கு நிக்கற மாதிரி.

— பெரியவரே. நீங்க யாரு?

— அந்தக் குழியில கெடக்க வேண்டியவன்.

— வெளையாடாதீங்க. இந்த வெளையாட்டு நல்லால்ல.

— வெளையாடற வயசா எனக்கு? படகு கவுந்தப்போ காலி எண்ணெய் டின் ஒண்ணக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். அந்தப் பக்கத்துக் கரையில தள்ளிடுச்சு. எல்லை தாண்டி மீன் திருட வந்தவன்னு ஜெயில்ல போட்டாங்க. வெளிய வந்தப்போ இங்கேருந்து வந்த வியாபாரி ஒருத்தன், நான் யாருன்னு தெரியாமலே கதையாச் சொன்னான். ஒகேயோவ அடக்கம் பண்ணியாச்சு, அவன் பொண்டாட்டிய வழக்கப்படி தம்பி ஒபியேரோ பாத்துக்கறான்னு.

— அதுக்காக வராமலே இருந்துட்டீங்களா?

— பொதைச்ச ஆளு நடந்து வந்தா வாசல்ல விடுவாங்களா? வீட்டுக்குச் சாவக் கூட்டிட்டு வர்றான்னு வெரட்டுவாங்க. அந்தப் பயம் முதல்ல. அப்புறம் வெக்கம். அங்க ஒருத்தி களி போட்டா, பேர மாத்திக்கிட்டு உக்காந்துட்டேன். அவளும் போனதுக்கு அப்புறம்தான் உறைக்குது தம்பி. நான் செத்தா அங்க எனக்குக் குழி வெட்ட ஆளில்ல. எனக்குன்னு வெட்டுன குழியில ஒரு காய் படுத்திருக்கு.

— இப்ப என்ன பண்றதா உத்தேசம்?

— உள்ள போகப் போறேன். பெரியவங்க என்ன பரிகாரம் சொன்னாலும் சரி. ஆட்ட அறுக்கச் சொன்னா அறுக்கறேன். வாசல் வழியா வராத, கொல்லப்பக்கம் வேலியப் பிரிச்சு வான்னா அப்படியே வர்றேன். ஒரு மூலை போதும் எனக்கு. ஒரு பொட்டப்புள்ளைய மட்டும்தான் விட்டுட்டுப் போனேன், அவளும் கட்டிக்கிட்டுப் போயிருப்பா. ஆம்பளை இல்லாத வீடு. நான் போயி நின்னா யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு?

— அந்த வீட்டுல ஆம்பளப் புள்ள இருக்கான் பெரியவரே.

— யாரு?

— நான்தான். ஒகேயோ மகன் ஒடேரா.

— நீயா? இவ்வளவு நேரம் ஏண்டா சொல்லல?

— வர்றவங்ககிட்ட எல்லாம் சொன்னா சிரிப்பாங்க. அவரு போயி ரொம்ப வருஷம் கழிச்சுப் பொறந்தவன் நான். ஒபியேரோ சித்தப்பா வந்து போயிப் பொறந்தது. ஆனா வழக்கம் என்ன, உங்களுக்குத் தெரியாததா? விதவை பெத்தா அது செத்த புருஷனோட புள்ள. பள்ளிக்கூடத்துல 'காய்க்குப் பொறந்தவனே'ன்னு கூப்பிடுவானுங்க. ஒருத்தன் மூக்க ஒடைச்சிருக்கேன்.

— ஐயோ, மகனே...

— பரீட்சையில தேறுனா முதல்ல அந்தச் சமாதிகிட்டதான் போயிச் சொல்லுவேன். சித்தப்பா அடிச்சா அங்கதான் போயி அழுவேன். மத்த பசங்களுக்குத் திட்டறதுக்கு அப்பன் இருந்தான். எனக்குக் கேக்கறதுக்கு ஒரு அப்பன் இருந்தாரு. அது போதும்னு இருந்தேன்.

— வாடா. வா, ரெண்டு பேருமா உள்ள போவோம்.

— இருங்க. வாசலுக்குப் பக்கத்துல கூரை போடாம ஒரு மண்சுவர் நிக்குதே, அது என் வீடு. பொண்ணு வீட்டுக்காரங்க பாக்க வர்றாங்க. ஒகேயோ மகன், ஒகேயோ நெலம், அப்படித்தான் பேச்சு முடிஞ்சிருக்கு. சித்தப்பாவுக்கு அவரு பொண்டாட்டிங்க பெத்த மகனுங்க இருக்கானுங்க. அங்க எனக்கு ஒரு பாத்தி நெலம் கெடையாது.

— அதனால என்ன? என் நெலம் உனக்குத்தான்.

— அத நீங்க சொல்வீங்க. ஊரு சொல்லுமா? செத்த ஒகேயோவுக்குத்தான் நான் புள்ள. நீங்க உசுரோட உள்ள போனா, நான் யாரு புள்ள? சொல்லுங்க பாப்போம்.

— அப்ப நான் உள்ள போகக் கூடாதுங்கறியா?

— உங்களப் போகாதீங்கன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. போங்கன்னும் வரல. அம்மா எந்திரிச்சு நிக்குது. கண்ணு அவ்வளவாத் தெரியாது, வண்டிச் சத்தத்துலயே கண்டுபுடிச்சிடும்.

— அவ என்னப் பாத்தா என்ன செய்வா?

— தெரியாது. சத்தியமாத் தெரியாது.

— ஒடேரா. அந்தக் காய் என்னைவிட நல்ல அப்பனா இருந்திருக்கு. அது இருக்கற எடத்துலயே இருக்கட்டும். வண்டியத் திருப்பு.

— அங்க உங்களுக்கு யாருமில்லேன்னு சொன்னீங்களே!

— அங்கதான் இல்ல. இங்க இருக்கான்ல ஒருத்தன். திருப்புடா, அவ வாசலுக்கு வர்றதுக்குள்ள.

— யாருமில்லம்மா! யாரோ வழி தப்பி வந்துட்டாங்க, ஸ்டாண்டுல விட்டுட்டு வர்றேன்! ...ஏறுங்க, அப்பா.