மிதவைச் சக்கரம் ஓடிய நாற்பது நிமிடம்

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை, சார். காகிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். சின்னக் குறையைப் பார்த்தாலே என் கை சும்மா இருக்காது. என் மிதவைச் சக்கரத்தில் இருந்ததும் சின்னக் குறைதான்.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் அதைக் கட்டினேன். பன்னிரண்டடி உயரத் தண்ணீர்த் தொட்டி. அதற்கு உள்ளும் வெளியுமாகச் சுற்றும் ஒரு சங்கிலி, சங்கிலி முழுக்க இறுக மூடிய காலி டப்பாக்கள். உள்ளே தண்ணீர் அவற்றை மேலே தூக்கும். வெளியே தம் எடையால் கீழே இறங்கும். அடியில் ரப்பர்க் கதவு வழியாக மறுபடி தண்ணீருக்குள் நுழையும். மின்சாரம் வேண்டாம், டீசல் வேண்டாம், காலம் முழுக்கச் சுற்றும். எட்டு மாதம் காத்திருந்தேன். ஓர் அங்குலம்கூட அசையவில்லை.

என் மனைவியின் தம்பி பம்பு மெக்கானிக். தொட்டிக்கு வெல்டிங் வைத்தவனும் அவன்தான். கதவருகே உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மாமா, மேல போறப்ப தண்ணி என்ன குடுக்குதோ, அதை வாசல்லயே வாங்கிக்குது. மேல நிக்கிற தண்ணியோட கனத்தைத் தள்ளிக்கிட்டுத்தானே டப்பா உள்ள நுழையணும்? அப்புறம் கைக்கு என்ன மிஞ்சும்? பேசாம இதுல மீன் வளர்க்கலாம்."

மீன் என்றது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவன்மேல் எனக்குப் பாசம் உண்டு. பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன்.

கண்டுபிடிப்பாளர் சங்கத்தார் ஞாயிறு காலை பார்வையிட வருவதாக இருந்தது. தொடக்கத்தில் கொஞ்சம் கைகொடுத்தால் போதும், பிறகு சக்கரம் தானாகப் பழகிவிடும் என்று நினைத்தேன். தொட்டியின் அடியோரம் குழி வெட்டி, அச்சோடு ஒரு கைப்பிடி சேர்த்தேன். குழிக்குள் உட்கார்ந்து அதைச் சுற்ற மச்சானைக் கூப்பிட்டேன்.

"அக்கா முகத்துக்காக வர்றேன். மூணு தட்டு தட்டினா திறந்துடணும், மாமா."

தலையாட்டினேன். அவன் இறங்கியதும் குழியைப் பலகையால் மூடி, கம்பளம் விரித்து, அதன்மேல் சங்கத் தலைவருக்கு நாற்காலி போட்டேன்.

சக்கரம் சுற்றியது. கைதட்டினார்கள். கால் மணி நேரத்தில் ரப்பர்க் கதவு ஓரத்தில் கிழிந்து, தண்ணீர் குழிக்குள் இறங்க ஆரம்பித்தது. மூன்று தட்டு கேட்டது. சக்கரம் நின்றது. தலைவரின் முகம் சுருங்கியது. அச்சுக்கு எண்ணெய் விடுகிற மாதிரிக் குனிந்து, பலகை இடுக்கில் சொன்னேன்: "இன்னும் பத்தே சுத்து மச்சான், திறந்துடறேன்." அவன் நம்பினான். மறுபடி சுற்றியது. இப்படி மூன்று முறை சொன்னேன்.

அதற்குள் தொட்டியில் தண்ணீர் ஒரு முழம் இறங்கிவிட்டது. அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். வந்தவர்கள் முன்னால் தொட்டி குறைவாக இருந்தால் நன்றாக இருக்காதே என்று குழாயைத் திறந்து நிரப்பினேன்.

நாற்பதாவது நிமிடம் சக்கரம் நின்றது. இந்த முறை தட்டும் சத்தம் இல்லை. தலைவர் பாராட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். எல்லோரையும் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்துதான் பலகையைத் தூக்கினேன். அவன் இரண்டு கைகளும் கைப்பிடியை இறுகப் பிடித்தபடியே இருந்தன.

ஆமாம் சார், அவனைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ காட்டுங்கள். ஒன்றை மட்டும் திருத்தி எழுதிவிடுங்கள். கடைசிவரை அவன்தான் சுற்றினான் என்று போட்டிருக்கிறீர்கள். கடைசிப் பத்துச் சுற்றின்போது தண்ணீர் அவன் தலைக்கு மேல் நின்றது. அந்த நிலையில் எந்த மனுஷனால் கைப்பிடியைச் சுற்ற முடியும்? அது தானாக ஓடியதுதான்.