வித்தெர்போ வண்டி எத்தினி மணிக்கு?

இந்த பஸ்ஸு திண்டிவனம் போவுதுன்னு நீ சொல்ற, நான் இல்லன்னு சொல்லலம்மா. போர்டும் அப்படித்தான் இருக்குது. போர்ட நம்பி ஏற முடியுமா? போன மாசம் எங்க தெரு பொன்னம்மா ஏறி உக்காந்தா, டிரைவரு போர்ட மாத்தாம வந்திருக்கான். பொம்மையார்பாளையத்துல போயி எறங்கி முழிச்சிக்கிட்டு நின்னா! அதான், மூணு பேர கேட்டுட்டுதான் நான் கால எடுத்து வைக்கறது. நீ சொல்லிட்ட, பூக்காரம்மா சொல்லிட்டா. கண்டக்டரு டீ குடிச்சிட்டு வரட்டும், அவரையும் ஒரு வார்த்த கேட்டுடுவோம்.

அந்த ஜன்னல்ல முறைச்சிக்கிட்டு ஒரு வெள்ளச் சட்ட உக்காந்திருக்குதே... அதான் எங்க வீட்டுக்காரரு, இருதயநாதன். முந்திக்கிட்டு ஏறிட்டாரு. என்னை விட்டுட்டு போறதே அவருக்குப் பொழப்பு. இங்க மட்டுமா? இத்தாலியிலயே விட்டுட்டு போனவரும்மா!

சிரிக்காத, நெசமாத்தான். எம்பொண்ணு சில்வியா அங்க கன்னியாஸ்திரி மடத்துல சிஸ்டரா இருக்குது. இன்னிக்கி லீவுல வருது, திண்டிவனம் ஸ்டேஷன்ல எறங்குது. "அம்மா, இந்த வாட்டியாவது நான் வர்றப்ப நீ நிக்கணும்"னு போன்ல சொல்லிச்சி. ஏன் அப்படி சொல்லிச்சின்னு கேளு.

போன வருசம் அது, இனிமே சாமிக்குத்தான்னு கோயில்ல கடைசி வார்த்தைப்பாடு குடுத்துது. ஆயுசுக்கும் ஒரே வாட்டிதான் அது, கல்யாணம் மாதிரி. மடத்துலயே டிக்கெட் போட்டு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. ரோம்ல எறங்கி, ரயிலு புடிச்சி, வித்தெர்போன்னு ஒரு ஊரு போவணும். கூட்டிட்டு போவ வேண்டிய சிஸ்டருக்கு அன்னிக்கின்னு பாத்து காய்ச்சல். எனக்கு இன்னா பயம்? இத்தாலி பாச தெரியுமே! பொண்ணு கேசட்டுல பேசி அனுப்பிச்சிருந்துது. உப்பு வாரும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாப்பேன். "ஆ கே ஓரா பார்த்தே இல் த்ரேனோ பெர் வித்தெர்போ?" வித்தெர்போ வண்டி எத்தினி மணிக்கு கெளம்பும்னு அர்த்தம். உப்பளத்துல இருக்கற பொம்பளைங்க எல்லாத்துக்கும் மனப்பாடம். அம்சவள்ளி இன்னிக்கும் என்னைப் பாத்தா அதத்தான் கேக்கறா, கொழுப்பு!

இவருக்கு ஒரு வார்த்த வராது. நான்தான் கவுண்டர்ல கேட்டேன். பத்து மணி, மூணாவது பிளாட்பாரம்னான். எனக்கு நல்லாவே புரிஞ்சிதும்மா, அதுவும் கேசட்டுல இருந்துதே! வண்டி கண்ணு முன்னாடிதான் நிக்குது. இவரு பொட்டிய தூக்கிக்கினு ஏறிட்டாரு. "வாடி, வாடி"ன்றாரு. இருங்க, ஒருத்தன் சொன்னா ஆச்சான்னு பேப்பர் படிச்சிக்கிட்டிருந்த பெரியவர கேட்டேன். அதேதான் சொன்னாரு. காப்பி விக்கற பொண்ண கேட்டேன், அதுவும் அதேதான். சரி, மூணு ஆச்சு... ஆனா எவ்வளோ மரியாதையா பதில் சொல்றாங்க தெரியுமா! நான் கேக்கறது அவங்களுக்கு புரியுதும்மா! இன்னும் ஒருத்தர கேட்டா இன்னா கொறஞ்சிடும்?

நாலாவது ஆளு சொல்லி முடிக்கல, கதவு சாத்திக்கிச்சி! ஓடிப்போயி வண்டிய ரெண்டு தட்டு தட்டினேன். நம்ம பஸ்ஸா இருந்தா நின்னிருக்கும். அது பாவி வண்டி, போயே போச்சு.

அடுத்த வண்டி புடிச்சி நான் போறேன், கோயில்ல மெழுகுவத்திய அணைச்சிக்கிட்டிருக்காங்க. பாச தெரியாத மனுசன் எல்லாரும் எறங்கற எடத்துல எறங்கி, முன்வரிசையில உக்காந்து எல்லாத்தையும் பாத்துட்டாரு. எம்பொண்ணு வார்த்தைப்பாடு குடுக்கறப்ப வாசலயே பாத்துதாம்... இவரு எறங்கி வந்திருந்தா இப்படி ஆவுமா? நீயே சொல்லு, யாரு மேல தப்பு?

ஏம்மா, நீ எங்க ஏறற? இரு, நான் பேசிக்கிட்டுதான இருக்கேன்... ஐயய்யோ, எடுத்துட்டான்! ஏய்! நிறுத்துப்பா! ரெண்டு தட்டு... இந்தா இன்னும் ரெண்டு... நின்னுடுச்சி பாத்தியா! இது வண்டி! கையக் குடு கண்ணு... அப்பாடா.

இன்னாத்துக்குங்க முறைக்கிறீங்க? மூணாவது ஆள நான் இன்னும் கேக்கவே இல்லியே! ஏம்பா கண்டக்டரு, இது திண்டிவனம்தான போவுது?