முப்பத்து நான்கு பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்பியவர்கள் சோப்பு டீச்சருக்கு எழுதுவது

இருபத்தொன்பது ஆண்டுகள் எங்கள் பிள்ளைகளின் நகத்தையும் பல்லையும் நலத்தையும் நாள் தவறாமல் பார்த்தவரே! வாந்தி எடுத்த பிள்ளையை முகம் சுளிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடியவரே! கேட்கக் கூசும் கேள்விக்கும் கூசாமல் பதில் சொன்னவரே! எங்கள் உடல்நலக் கல்வி ஆசிரியை அவர்களே! தங்கள் பணி நிறைவு நாளில் இப்பள்ளியின் ஊழியர்கள் அனைவரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொரு வகுப்பையும் குழாயடிக்கு அழைத்துப்போய்க் கை கழுவ வைத்தீர்கள். அன்று பிள்ளைகள் வைத்த பெயர்தான் சோப்பு டீச்சர். எங்களிலும் பாதிப் பேர் தங்களை அப்படித்தான் சொல்கிறோம், முதுகுக்குப் பின்னால். தாங்கள் நடத்திய முதலுதவி வகுப்பால் எங்கள் காவலாளி தன் பேரனின் தொண்டையில் சிக்கிய பொத்தானை வெளியே எடுத்தார். ஆறாம் வகுப்புக்கு நான்கு புதன்கிழமைகள் 'வளரும் உடல்' என்ற பாடத்தை நடத்தினீர்கள். மேசையில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். பெயர் எழுதாமல் எந்தக் கேள்வியையும் அதில் போடலாம். 'குளிக்காம எத்தனை நாள் இருக்கலாம்?' என்ற சீட்டுக்கும் முழுதாகப் பதில் சொன்னவர் தாங்கள்.

இத்தகைய மடல் இத்துடன் வாழ்த்துக்குப் போய்விடும். இதை எழுதிய அலுவலக எழுத்தர், போகக் கூடாது என்றார். நாங்களும் ஒப்புக்கொண்டோம். அவரைப் பற்றியும் எங்களைப் பற்றியும் இனி வருவது, அவர் எங்களிடம் சொன்னபடி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் 'வளரும் உடல்' பாடம் வேண்டாம் என்று சில பெற்றோர் வந்தார்கள். விருப்பமில்லாதவர்கள் எழுதித் தரட்டும் என்றார் தலைமையாசிரியர். படிவம் தயாரிக்கும் வேலை எழுத்தருக்கு வந்தது. அவர் மனைவி இறந்து அப்போது எட்டு மாதம். இரண்டாவது குழந்தை தங்காமல், ரத்தம் நிற்காமல் போனவர். எழுத்தர் நேரத்துக்கு வருவார், நேரத்துக்குப் போவார், கேட்டதற்குப் பதில் சொல்வார். அவ்வளவுதான்.

புதிதாக ஒரு படிவம் எழுத அவருக்கு மனம் ஓடவில்லை. கணினியில் இருந்த சுற்றுலா அனுமதிச் சீட்டை எடுத்தார், தலைப்பையும் தேதியையும் மாற்றினார், அச்சடித்தார். கடைசி வரியை மாற்றவில்லை. 'கையொப்பமிட்ட சீட்டைக் கொண்டுவராத பிள்ளைகள் அனுமதிக்கப்பட மாட்டார்கள்.' பேருந்தில் ஏற்றுவதற்கு அது சரியான வரி. இங்கே, பதில் சொல்லாத பெற்றோரின் பிள்ளைகளை எல்லாம் அது வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிட்டது.

அறுபத்திரண்டு பிள்ளைகளில் பதினொரு பேரின் பெற்றோர் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். யோசித்து எடுத்த முடிவு, அவர்கள் உரிமை. இருபத்து மூன்று பேரிடமிருந்து சீட்டே வரவில்லை. அந்த இருபத்து மூன்றில் நான்கு, எங்கள் ஊழியர் வீட்டுப் பிள்ளைகள். ஆசிரியர் அறையில் கணக்காசிரியர் சொன்னார், "இதெல்லாம் எங்க வீட்ல நாங்களே சொல்லிக்குவோம் டீச்சர்."

"சொல்லியாச்சா சார்?" என்று கேட்டீர்கள்.

"நேரம் வரட்டுமே."

"நேரம் உங்ககிட்ட கேட்டுட்டா வரும்?"

நாங்கள் சிரித்தோம். அன்று எங்களால் முடிந்தது அதுதான்.

படிவத்தின் கடைசி வரியில் இருந்த பிழையைத் தாங்கள் அன்றே கண்டுபிடித்து அலுவலகத்துக்கு வந்தீர்கள். "கிளார்க் சார், கடைசி வரி தப்பா இருக்கு. மாத்தி அடிச்சுக் குடுங்க."

"ஹெச்.எம். கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு டீச்சர்," என்றார் அவர்.

மாற்ற அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவர் மகளும் ஆறாம் வகுப்பு. அவளுடைய சீட்டு அவர் பையிலேயே இருந்தது. இப்படிப்பட்டதை எல்லாம் மனைவிதான் முடிவு செய்வார். வேண்டும் என்று எழுதவும் கை வரவில்லை, வேண்டாம் என்று எழுதவும் வரவில்லை. பிழையான வரி அவருக்காக முடிவெடுத்தது. அதனால்தான் அதைத் திருத்தவில்லை என்று இப்போது சொல்கிறார்.

மூன்றாம் புதன்கிழமை காலை, காலணி மாட்டிக்கொண்டே மகள் கேட்டாள், "அப்பா, நான் இல்லன்னா உன்னை யாரு எழுப்பி விடுவா?"

"நீ எங்க போகப்போற? கிளம்பு, மணி ஆச்சு."

"சும்மா கேட்டேன்."

அவரும் சும்மாதான் கேட்கிறாள் என்று நினைத்தார்.

அன்று தங்கள் அட்டைப்பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. 'ரத்தம் வந்தா எத்தனை நாள்ல செத்துப்போவாங்க?' வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு அதற்கு முந்தைய வாரமே அந்தப் பாடம் முடிந்திருந்தது. கேட்டது உள்ளே இருப்பவர் இல்லை என்று புரிந்துகொண்டு, சாக்பீசை வைத்துவிட்டு நூலகத்துக்கு நடந்தீர்கள். வகுப்பிலிருந்து அனுப்பப்பட்ட முப்பத்து நான்கு பிள்ளைகள் அங்கே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யார் என்று தாங்கள் கேட்கவில்லை. "எனக்குப் பெட்டி தூக்க ஒரு ஆள் வேணும்," என்றீர்கள். மின்விசிறி போதாமல் எல்லாரும் வியர்த்துக்கொண்டிருந்த அறையில், இடுப்பில் ஸ்வெட்டரைக் கட்டியிருந்த ஒருத்தியைக் கூப்பிட்டீர்கள்.

முதலுதவி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்குச் சொன்ன பாடம் நாற்பது நிமிடம். பிறகு அலுவலகத்துக்கு வந்தீர்கள். அந்த நேரம் அங்கே வேறு யாரும் இல்லை.

"பொண்ணு நல்லா இருக்கா சார். பெரியவளாயிட்டா. திங்கக்கிழமையிலேர்ந்து, அம்மா மாதிரியே நாமளும் சாகப்போறோம்னு நெனச்சுட்டு இருந்திருக்கா."

"எனக்குத் தெரியாது டீச்சர்."

"அவளுக்கும் தெரியல. அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு யாராச்சும் அவகிட்ட சொன்னீங்களா?"

உடம்பு சரியில்லாமல் போய்விட்டது என்று மட்டும் சொல்லியிருந்தார். தாங்கள் ஒரு கோப்பைத் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்திவிட்டுப் போனீர்கள்.

இனிதான் எங்களுக்குத் தலை நிமிர முடியாத இடம்.

விலக்குப் பெற்ற பிள்ளை ஒன்றை டீச்சர் தனியாக அழைத்துப் பாடம் சொன்னார் என்று வேறொரு பெற்றோரிடமிருந்து புகார் வந்தது. எந்தப் பிள்ளை என்று தலைமையாசிரியர் கேட்டார். தாங்கள் சொல்லவில்லை. குறிப்பாணை தர உத்தரவானது. அதைத் தட்டச்சு செய்தவர் எழுத்தர். 'பெற்றோர் அனுமதியின்றிப் போதித்தது குறித்து விளக்கம் தருக.' அந்த வாக்கியம் சொல்லும் பெற்றோர், அதைத் தட்டச்சு செய்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். என் மகள்தான், நான் ஆட்சேபிக்கவில்லை, படிவம் என் பிழை என்று மூன்று வாக்கியம் போதும், காகிதம் கிழிபட்டிருக்கும். அவர் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைக் கோப்பில் வைத்து, ஒன்றில் தங்களிடம் கையொப்பம் வாங்கினார். தாங்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் கையொப்பமிட்டீர்கள். அவர் சங்கடப்படக் கூடாதென்று பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

தங்கள் விளக்கம் ஒரே வரி: 'போதித்தேன், தேவைப்பட்டால் மீண்டும் போதிப்பேன்.'

எழுத்தருக்காவது காரணம் ஒன்று இருந்தது. எங்களுக்கு அதுவும் இல்லை. எந்தப் பிள்ளை, ஏன் என்று தெரியாவிட்டாலும், தாங்கள் காரணமில்லாமல் செய்ய மாட்டீர்கள் என்று எங்கள் அனைவருக்கும் தெரியும். ஒருவரும் தலைமையாசிரியர் அறைக்குப் போகவில்லை. மறுநாள் தங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தோம்.

சென்ற மாதம் ஓய்வுக் கோப்புக்காகத் தங்கள் பணிப்பதிவேட்டைப் புரட்டிய எழுத்தர், இருபத்தொன்பது ஆண்டுகளில் உள்ள ஒரே கறையாக அந்தக் குறிப்பாணையைப் பார்த்தார். தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னார். நீக்கக் கோரும் கடிதத்தில் தலைமையாசிரியரும் கையொப்பமிட்டார். அதைத் தங்களிடம் கொண்டுவந்தபோது தாங்கள் மறுத்துவிட்டீர்கள்.

"எதுக்கு எடுக்கணும்? அந்தப் பொண்ணுக்கு நான் பாடம் நடத்துனதுக்கு எழுத்துல இருக்கற ஒரே சான்று அதுதான் சார்."

"அப்ப நான் என்னதான் செய்யறது டீச்சர்?"

"ரெண்டு வருஷம் கழிச்சு எங்கிட்ட வந்து சொல்றீங்க. எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

வீட்டில் மகளிடம் அனுமதி கேட்டார். "எழுதுப்பா. என் கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். நீ ஒருத்தன்தான் இன்னும் ரகசியம்னு நெனச்சுட்டு இருக்க," என்றாள். அம்மாவுக்கு என்ன ஆனது என்பதையும் அன்றுதான் முழுதாகச் சொன்னாராம். அவள் கேட்ட கேள்விகளில் இரண்டுக்கு அவரிடம் பதில் இல்லை. தங்களிடம் கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஆதலால் அம்மையீர்! இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் பெற்றோர் முன்னிலையில் சொல்கிறோம். தாங்கள் விதியை மீறவில்லை. நாங்கள்தான் வாய்மூடி இருந்தோம். இதற்கு மன்னிப்புக் கேட்டு, இந்த நாளில் தங்களைச் 'சரி, விடுங்க' என்று சொல்ல வைக்க விரும்பவில்லை. பள்ளியின் படிவம் மாறிவிட்டது. வேண்டாம் என்பவர்கள் எழுதித் தரவேண்டும். பதில் வராத பிள்ளைக்கு வகுப்பில் இடம் உண்டு.

நோகாத முழங்காலும் ஆழ்ந்த உறக்கமும் குறையாத கண்பார்வையும் வாய்த்து, தாங்கள் கை கழுவ வைத்த பிள்ளைகளின் பிள்ளைகள் வந்து கதவைத் தட்டும் காலம் வரை தாங்கள் நலமாக வாழ்க! அவர்கள் கேட்பதற்கெல்லாம் இப்போதுபோலவே பதில் சொல்லுங்கள்.

நன்றியுடனும் வெட்கத்துடனும்,
பள்ளி ஊழியர்கள் நாற்பத்தொருவர்.

முதல் கையொப்பம்: அலுவலக எழுத்தர், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை.