தேவராஜுக்குக் காத்து பட்டது

இந்தக் காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை ஐயா, யாரோ கலந்து கொடுத்த காப்பியைக் குடித்து நாளாகிறது.

ஜவ்வாது மலையில் எதற்கு ஹைட்ரஜன் பிளாண்ட் என்று கேட்டீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். இயற்கை எரிவாயு கீழேயிருந்து லாரியில் வளைவேறி வர வேண்டும். எங்கள் டைரக்டர் இந்த மலையைப் பனிமூட்டத்தில் எடுத்த படம் ஒன்றைப் பார்த்துவிட்டார். ஹைட்ரஜன் என்றால் அப்படித்தான் தெரிய வேண்டுமாம். திறப்பு விழாவில் அவர் 'தூய்மை' என்று சொன்ன தடவைகளுக்கு, நாங்கள் நிரப்பிய சிலிண்டர்கள் இன்றுவரை ஈடாகவில்லை. விழா முடிந்து எல்லோரும் இறங்கிப் போனார்கள். பொறுப்பாளனாக நானும் காவலாளியாக தேவராஜும் மிஞ்சினோம்.

வேலை எளிது. எரிவாயுவையும் நீராவியையும் சூடான குழாய்க்குள் விடுவோம். உள்ளே பலேடியம் என்ற உலோகத்தில் மெல்லிய சவ்வு. அது ஹைட்ரஜனை மட்டும் அந்தப் பக்கம் விடும், மற்றதை மறித்துவிடும். மிச்ச வாயுவில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு இருக்கும், அதற்கு வாசனையே கிடையாது. அது அடுப்புக்குப் போய் எரிந்துவிடும், போகவிட்டால். கசிவு தெரியட்டும் என்று எரிவாயுவில் நாற்றம் கலந்திருப்பார்கள் அல்லவா, அதில் கந்தகம் உண்டு. கந்தகம் பட்டால் சவ்வு கெடும். அதனால் நாற்றத்தை முதலிலேயே வடிகட்டிவிடுவோம்.

தேவராஜ் மலைக்காரர். பன்றி தின்ற சாமை, பங்காளிச் சண்டை, எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். மழைக்காலம் முழுக்க நான் கேட்ட மனிதக் குரல் அது ஒன்றுதான். ஒருநாள் சொன்னார்:

"சார், எம்பொண்ணு அருணா வேலூர்ல வூடு பாத்துட்டா. வந்துடுப்பான்றா. கார்த்திகை தீபம் முடிஞ்சா கிளம்பிடுவேன்."

"நான் யாரோட பேசறது?"

"உங்களுக்கு இன்னா சார், டைரக்டரு போட்டோ மாட்டிக் கீதே, அதாண்ட பேசுங்க. திருப்பிப் பேசாது."

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள், காவல் அறை வழியாகப் போகும் மிச்ச வாயுக் குழாயின் இணைப்பைச் சற்றுத் தளர்த்தினேன். அங்கிருந்த வாயுக் கசிவு எச்சரிக்கை மணி கத்தினால் மதியம் படுத்திருப்பவருக்குத் தொந்தரவு. அதன் பேட்டரியைக் கழற்றி வைத்தேன். எழுந்தபோது அவருக்குத் தலைவலி, வாந்தி.

"சார், கேஸு ஏதும் கசியுதா?"

"நாத்தம் வருதா?"

மூக்கைத் தூக்கிப் பார்த்தார். "இல்லியே. எங்கியோ காட்டுல பலா பழுத்தாவே எனக்குத் தெரியும்."

"அப்புறம் இன்னா?"

"அப்போ காத்துதான் சார் பட்டிருக்கு."

பேய் அடித்துவிட்டது என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். சொல் சரியாகவே இருந்தது, நான் திருத்தவில்லை. ஊர்ப் பூசாரி வந்து வேப்பிலை அடித்து, அமாவாசை கழியாமல் மலை இறங்கக் கூடாது என்றார். எங்கள் டைரக்டரைவிடத் தெளிவாகப் பேசுகிறவர். நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். நல்ல நாட்கள் அவை.

அமாவாசை கழிந்தது. மறுபடி பெட்டி கட்டினார். மறுபடி காத்து பட்டது.

பிறகு அருணா போன் செய்தாள். "மந்திரிச்சது போதும் சார். நானே வேன் எட்த்துகினு வர்றேன். ஆஸ்பத்திரில ரத்தம் டெஸ்ட் பண்ணி, அப்டியே எங்கூடயே வெச்சிக்கிறேன்."

ரத்தம் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்காகச் செய்யவில்லை. 'கூடவே' என்றாளே, அதற்காக.

அவள் வருகிற அன்று நல்ல மழை. அவருக்குக் குளிருமே என்று ஜன்னலையும் கதவையும் நான்தான் சாத்தினேன். இணைப்பை முழுதாகக் கழற்றினேன். வெளியே குடை பிடித்து நின்று, கதவுக்கு இந்தப் பக்கமிருந்து அவரோடு பேசினேன். கொஞ்ச நேரம் உம் கொட்டினார். அது நின்ற பிறகும் வேன் சத்தம் கேட்கும்வரை பேசிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன் ஐயா. குழாய், மணி, ஜன்னல், எல்லாம் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். 'கொன்றேன்' என்று ஒரு சொல் இருக்கிறது, அதை மட்டும் அடித்துவிட்டு 'இருக்கச் சொன்னேன்' என்று எழுதுங்கள். அவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை.