ஒரு இஞ்ச்கூட அசையக் கூடாது

— அந்த பாத்ரூம் டேங்க் என்னாச்சு ஏஞ்சலின்? அதை முதல்ல சொல்லு. கனடாவுல முதலாளிக்குத் தூக்கமே வரலையாம். ஃபேக்டரி ஓடுதான்னு கேக்கல, அவரோட கேரவன் வண்டில டேங்க் காலியான்னு கேக்கறாரு.

— காலி பண்ணி, கழுவி, காய வச்சாச்சு சந்திரமோகன் சார். நீங்க அதுக்குள்ள உக்காந்து நாஷ்டா துன்னலாம்.

— என்னது?

— அவ்ளோ சுத்தம்னு சொன்னேன் சார்.

— ம். எல்லாம் ப்ராப்பரா இருக்கணும். நான் இங்க எளாவூர் செக்போஸ்ட்ல மாட்டிக்கிட்டு நிக்கறேன். ஜேசிபி ஏத்திட்டு வந்த டிரெய்லருக்கு ஏதோ பர்மிட் இல்லையாம். ஆந்திரா பக்கத்துலேர்ந்து வண்டி புடிச்சது என் தப்பு. முன்னாடி லாரியா நிக்குது. டிரைவர் வேற நைனா நைனான்னு கூப்பிட்டு, என்னையே டீ வாங்கிட்டு வரச் சொல்றான்.

— ஐயய்யோ. எங்க ஊட்ட இடிக்க வர்ற ஜேசிபிக்கா சார் இவ்ளோ பேஜாரு?

— நக்கலா?

— கவலை சார்.

— கவலைப்படாத. மேனேஜர்னா வாக்கு முக்கியம். முதலாளி திரும்பி வர்ற வரைக்கும், ரெண்டு வருஷத்துக்கு, நீ கேரவனை ப்ராப்பரா ஸ்டோர் பண்ணிக் குடு. ஆறு குவார்ட்டர்ஸ்ல உன் வீட்டைத்தான் கடைசியா இடிப்பேன்.

— அந்த நன்றிய எப்டி சார் மறப்பேன். கம்பெனி தொறந்த நாள்லேர்ந்து உங்க கக்கூஸ கழுவினதுக்கு, மத்தவங்களுக்கு காலையில ஊடு போவும், எனக்கு மத்தியானம் போவும். சோறு துன்னுட்டு போவலாம்.

— ஆரணி பக்கம் எல்லாருக்கும் புது வீடு தரேன்னு சொல்லியிருக்கேன்ல?

— எங்ககிட்ட தரேன்னு சொன்னீங்க. முதலாளிகிட்ட குடுத்தாச்சுன்னு சொன்னீங்க. ஆறு குடும்பமும் சாவி வாங்கிக்கினு போயாச்சு, குவார்ட்டர்ஸ்ல ஒரு ஈ காக்கா இல்லன்னீங்களாமே. முதலாளிய ஏர்போர்ட்ல வுட போனப்போ எங்க ஊட்டுக்காரு தான சார் வண்டிய ஓட்டினாரு.

— பாக்கியநாதன் ரோட்டைப் பாத்து ஓட்டணும்.

— ரோட்டத்தான் சார் பாத்தாரு. காது சும்மா இருந்துச்சி.

— லுக் ஏஞ்சலின். நீங்க இல்லைன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன். அதனால நீங்க இல்ல. அவ்ளோதான் மேட்டர். இன்னும் கொஞ்ச நேரத்துல அவர் வீடியோல வந்து வண்டியைப் பாப்பாரு. ஜன்னல் வழியா குவார்ட்டர்ஸ் கொடியில துணி தெரியக் கூடாது. பசங்க தெரியக் கூடாது. நேத்து யாரோ குழம்பு தாளிச்ச சத்தம் அவருக்குக் கேட்டிருக்கு. மழை சார்னு சொல்லி சமாளிச்சேன்.

— பக்கத்து ஊட்டு செண்பகம் அக்கா தான் சார். இனிமே அடுப்ப அணைச்சிட்டு தாளிக்கச் சொல்றேன்.

— சரி, வீல் கதைக்கு வா.

— நீங்க சொன்ன மாதிரியே சார். வருசக்கணக்கா ஒரே எடத்துல அழுந்தி நின்னா டயரு ஒரு பக்கம் சப்பையா பூடும்னீங்க. ஜாக்கி போட்டு தூக்கி, அடியில கட்டை அடுக்கி, வண்டிய அது மேல குந்த வச்சாச்சு. முன்னால ரெண்டு, பின்னால ஜோடி ஜோடியா நாலு, ஆறு வீலையும் கழட்டி, வெயில் படாத எடத்துல துணி போத்தி வச்சாச்சு.

— வெரி குட். சாவி?

— கூரியர்ல முதலாளிக்கே அனுப்பியாச்சு. ரெண்டு சாவியும். ஒண்ணு இங்க இருந்தா எவனாவது கல்யாணத்துக்கு வண்டிய கேப்பான்னு நீங்கதான சொன்னீங்க.

— பர்ஃபெக்ட். இப்படி வேலை செஞ்சா நான் ஏன் கத்தப் போறேன்? கிச்சன்ல ஒண்ணும் இல்லையே? ஒரு பருக்கை இருந்தாலும் எலி வந்து ஒயரைக் கடிச்சிடும்.

— பிஸ்கட்டு, பாதாம் பருப்பு, சீமை ஜாம் எல்லாத்தையும் எலி வராத எடத்துல வச்சிட்டேன் சார்.

— எங்க?

— பசங்க வவுத்துல.

— ஏஞ்சலின்!

— கெட்டுப் போறதுக்குள்ள காலி பண்ணணும்னீங்க சார். பாதாம் செண்பகம் அக்கா பொண்ணுக்கு புடிக்கல, துப்பிடுச்சி. கூட்டி எடுத்துட்டேன். பாச்சா உருண்டையும் போட்டாச்சு.

— சரி, தொலையட்டும். மெத்தை?

— பூஞ்சை புடிக்கும்னீங்க. எடுத்தாந்து கட்டில்ல போட்டு வச்சிருக்கோம்.

— எந்தக் கட்டில்ல?

— எங்க கட்டில்லதான் சார். காத்தோட்டம் பத்தலன்னு தெனமும் ராத்திரி மேல படுத்து பொரண்டு பொரண்டு வுடறோம். இத்த நீங்க சொல்லல, நாங்களா செய்றோம்.

— பேட்டரி எங்க?

— அதுவும் கழட்டியாச்சு. ஆனா சும்மா போட்டு வச்சா செத்துடும், ஏறணும் எறங்கணும்னீங்க. வண்டி மேல இருந்த சோலார் பலகைய வெயில்ல வச்சி பகல்ல ஏத்தறோம், ராத்திரில எறக்கறோம்.

— எப்படி இறக்கறீங்க?

— ஃபேன் போட்டு சார்.

— எந்த ஃபேன்?

— நீங்க குவார்ட்டர்ஸ் கரண்ட கட் பண்ணிட்டீங்க பாருங்க, அன்னையிலேர்ந்து சும்மா தொங்கிக்கினு இருந்த ஃபேன்.

— இரு, இரு. தண்ணி டேங்க்? அந்தத் தண்ணியை எங்க விட்ட?

— ரெண்டு வருசம் நின்னா பாசி புடிக்கும்னீங்க. நல்ல தண்ணி சார், தரையில வுட மனசு வரல. நீங்க வேற எங்க குழாய மூடிட்டீங்களா, டிரம்மெல்லாம் காலியா கெடந்துச்சு.

— கேஸ் சிலிண்டர்?

— வண்டில வச்சா ஆபத்துன்னீங்க.

— அதனால?

— அதனாலதான் நேத்து மழ பெஞ்சுது சார்.

— ஏஞ்சலின், நீ வண்டியை ஸ்டோர் பண்ணியா, இல்ல என் முதலாளி வண்டியைப் பிரிச்சு குடித்தனம் பண்றியா?

— சார் ஒரு நிமிசம், பால் பொங்குது. லைன்லயே இருங்க, வச்சிடாதீங்க... இன்னாய்யா? ஏன் இப்டி கைய கைய ஆட்டற? போன பொத்திக்கினு தான் கீறேன், சொல்லு.

— வாணா ஏஞ்சலு. வுட்ரு. அவரு குரலு மாறிச்சி. இதுக்கு மேல போனா என் டிரைவர் வேலை பூடும்.

— வண்டியே கட்டை மேல குந்திக்கினு கீது. டிரைவருக்கு இன்னாய்யா வேலை? ஆரன் அடிக்கவா?

— அதுக்கும் பேட்டரி நம்ம ஊட்ல கீது.

— பாத்தியா. அப்பால எதுக்கு பயப்படற?

— பழக்க தோசம்.

— பொட்டிய கட்டி வாசல்ல வச்சிருக்கியே, யாருக்கு? ஆரணில சாவி வச்சிக்கினு எவனாவது உனக்காக நிக்கறானா? பொன்னேரில வாடகைக்கு கேட்டமே, எந்த கம்பெனி, எந்த ஜனம், எந்த தெருன்னு துருவித் துருவி கேட்டு கதவ சாத்தினானே, அங்க போறியா?

— இல்ல.

— பொட்டிய உள்ள வை. பால எறக்கு... சார், சொல்லுங்க சார்.

— ஏஞ்சலின், விளையாட்டு போதும். மெத்தை, பேட்டரி, சிலிண்டர், எல்லாத்தையும் சாயங்காலத்துக்குள்ள எடுத்துட்டுப் போய் அந்த கோடவுன்ல வை. கதவைப் பூட்டு.

— எந்த கோடவுன் சார்?

— வண்டி நிக்கற கோடவுன்.

— வண்டி கோடவுன்ல இல்லியே. நீங்க ஷெட்டுல போடுன்னீங்க.

— ரெண்டும் ஒண்ணுதானே!

— உங்களுக்கு ஒண்ணு சார். எங்களுக்கு ஷெட்டுன்னா ஒரே ஷெட்டு. சைக்கிள் ஷெட்டு.

— எந்த... குவார்ட்டர்ஸ் வாசல்ல இருக்கே, அதுவா?

— அதேதான். இந்தாண்ட காம்பவுண்டு செவுரு, அந்தாண்ட காம்பவுண்டு செவுரு, நடுவால ஷெட்டு. மேல கூரை வேணும், கீழ காங்கிரீட் வேணும், காக்கா எச்சம் போட மரம் இருக்கக் கூடாதுன்னீங்க. தேடித் தேடி பாத்தோம், கம்பெனிலேயே அது ஒண்ணுதான் அப்டி. அளவெடுத்து செஞ்ச மாதிரி குறுக்கால பூந்துடுச்சி சார். பக்கத்துல ஒரு சைக்கிள்கூட போவாது.

— அப்ப நீங்க எப்படிப் போறீங்க வரீங்க?

— வண்டிக்குள்ளதான். இந்தப் பக்கக் கதவுல ஏறி அந்தப் பக்கக் கதவுல எறங்கறோம். காத்தோட்டத்துக்கு ரெண்டு கதவையும் அப்பப்போ தொறந்து வைன்னு நீங்கதான சொன்னீங்க. கால தொடச்சிட்டுதான் சார் ஏறுவோம். கடைசி ஊட்டு தேசப்பன் மட்டும் செருப்போட ஏறினான், திட்டிட்டேன்.

— ஏய், அது வழியாத்தான் ஜேசிபி உள்ள போகணும்!

— ஓ. அப்டியா சார்? ஜேசிபிக்கு வேற வழி இல்லியா?

— பின்னாடி கால்வாய். ரெண்டு பக்கமும் வேற கம்பெனி சுவர். வேற வழியே இல்ல!

— எங்களுக்கும் இல்ல சார்.

— வேணும்னே பண்ணியிருக்க.

— நீங்க சொன்னத ஒண்ணு விடாம பண்ணியிருக்கேன். வேணாம்னா சொல்லுங்க சார், அடுத்த தபா சொன்னத செய்யல.

— கிரேன் கொண்டு வரேன். தூக்கி வெளிய போடறேன்.

— கூரைக்கு அடியில கிரேன் எப்டி சார் தூக்கும்? அதுவுமில்லாம நேத்து முதலாளி வீடியோல பாத்துட்டு, சூப்பர்மா, நான் திரும்பி வர்ற வரைக்கும் ஒரு இஞ்ச்கூட அசையக் கூடாதுன்னாரு. உங்க பேரையும் சொன்னாரு. மோகன் நல்லா எடம் பாத்து குடுத்திருக்கான்னாரு.

— நான் அவர்கிட்ட பேசிக்கறேன். பாக்கியநாதனைக் கூப்பிடு. பாக்கியநாதா!

— சார்.

— நீ விவரமான ஆளு. உன் சம்சாரம் மாதிரி இல்ல. அந்த ஜாக்கியை எடு. வண்டியைத் தூக்கி, வீலை மாட்டி வை. நான் வந்து இழுத்துக்கறேன். உன் வேலைக்கு நான் கேரண்டி.

— வேலைக்கு கேரண்டியா சார்?

— சத்தியமா.

— ஆரணி ஊட்டுக்கு சொன்னீங்களே, அந்த மாதிரி கேரண்டியா?

— பாக்கியநாதா, ஜாக்கி எங்க?

— ஜாக்கியா சார்... ஒரு லாரிக்காரரு பஞ்சர்னு கேட்டாரு, இரவல் குடுத்துட்டேன். எளாவூர் செக்போஸ்டாண்டதான் நின்னுக்கினு இருப்பாரு. நீங்களும் அங்கதான கீறீங்க, இறங்கி ஒவ்வொரு லாரியா கேட்டுப் பாருங்களேன்.

— யோவ், இது எப்போ?

— இப்போதான் ஏஞ்சலு. பால எறக்கி வச்சப்போ தோணிச்சி.

— ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் ஆடறீங்களா? ஜாக்கி நான் கொண்டு வரேன். என் கார்ல இருக்கு, அது பத்தலைன்னா நாலு வாங்கிட்டு வரேன். வீல் எங்க? அதை மட்டும் சொல்லு. வீல் கம்பெனி சொத்து!

— அதான் சார் பத்திரமா வச்சிருக்கோம். ஆறு வீலு, ஆறு ஊடு. ஊட்டுக்கு ஒண்ணு. தேசப்பன் ஊட்ல ஒண்ணு, செண்பகம் அக்கா ஊட்ல ஒண்ணு, எங்க ஊட்ல ஒண்ணு, அப்டியே. உள்ளருந்து தாப்பா போட்டுக்கினு கீறாங்க.

— கதவை உடைச்சு எடுப்பேன். இல்ல, போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுப்பேன்.

— குடுங்க சார். ஆறு வீல ஆறு குடும்பம் உள்ள வச்சிக்கினு தர மாட்டேங்குதுன்னு உங்க கைப்பட எழுதுங்க. முதலாளிக்கும் ஒரு காப்பி அனுப்புங்க. எந்த குடும்பம்டா மோகா, எல்லாம் ஆரணி போயாச்சுன்னியேன்னு அவரு கேட்டா, இன்னா சொல்லணும்னு யோசிச்சி வச்சிக்கங்க.

— இருய்யா டிரைவர், டீ அப்புறம் வாங்கித் தரேன்!

— சார்? லைன்ல கீறீங்களா?

— ஏஞ்சலின்... லுக்... நீ நல்ல பொண்ணு. அங்க யாரையாவது கதவைத் திறக்கச் சொல்லேன்.

— யாருமே இல்லாத ஊட்ல எவன் சார் வந்து கதவ தொறப்பான்?