முந்நூற்று ஐம்பத்தெட்டாம் நாள் காப்பி

சூரியநெல்லியிலிருந்து பூப்பாறை வரைக்கும் என்னைவிடப் பெரிய குடிகாரன் இன்னும் பிறக்கவில்லை. அறுபத்தேழு வயது வரை ஒரு சொட்டுகூட வாயில் வைக்காமல் அந்தப் பெயரை வாங்கினேன் என்பதுதான் இதில் சிறப்பு.

நான் கருத்தப்பாண்டி. தேயிலை ஃபேக்டரியில் உலர்த்தும் மெஷினோடு முப்பத்தாறு வருடம் இருந்தவன். ஓய்வு கொடுத்ததும் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஜீப் ஸ்டாண்டுக்கு மேலே ஓர் அறை எடுத்தேன். மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் திருப்பூரில். போனில் அவள் ‘சாப்பிட்டீங்களாப்பா’ என்பதற்கும் ‘வச்சிரட்டா’ என்பதற்கும் நடுவே ஒரு தும்மல் போடத்தான் நேரம் இருக்கும். ஒரு மழைக்காலத்தில் நாலு நாள் யாரோடும் பேசாமல் இருந்து, ஐந்தாம் நாள் கடையில் தீப்பெட்டி கேட்டபோது, யார் கேட்டது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

அப்போதுதான் ஸ்டாண்டுத் தூணில் அந்த நோட்டீஸ் கண்ணில் பட்டது. குடியை நிறுத்த விருப்பமா, எந்த நேரமும் கூப்பிடலாம் என்று ஓர் எண். ‘எந்த நேரமும்’ என்பதை மூன்று முறை படித்தேன். கூப்பிட்டேன்.

“சொல்லுங்க அண்ணாச்சி, கேட்டுட்டுதான் இருக்கேன்” என்றது ஒரு குரல். அது மத்தியாஸ். சாந்தன்பாறையில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்ப்பவன். குடிக்காதவன் என்று சொன்னால் போனை வைத்துவிடுவானே. குடிப்பேன் என்றேன்.

ஞாயிறு நாலு மணிக்குக் கூட்டம். ஓர் அறை, பதினொரு நாற்காலி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுந்து பெயரையும், குடிக்காமல் இருந்த நாட்களையும் சொல்லிப் பேச ஆரம்பித்தால், முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது, சந்தேகம் கேட்கக் கூடாது. என்னைப் போன்றவனுக்கு வேறு சொர்க்கம் எதற்கு? ஆனையிறங்கல் அணைக் கரையில் ஒரு கொம்பன் ஆனையோடு பாதிக்குப் பாதி பகிர்ந்து குடித்ததையும், மறுநாள் அது தலைவலியில் என் தோளில் சாய்ந்து முனகியதையும் சொன்னேன். எல்லோரும் கண் கலங்கினார்கள். ஜீப் ஓட்டும் பூபதிராஜா மட்டும், கூட்டம் முடிந்து டம்ளர் கழுவும்போது, “அண்ணாச்சி, ஒரு நாளாவது ஒரு நெசம் சொல்லும். கேட்டுட்டு நிம்மதியாச் செத்துப்போறேன்” என்பான்.

கூட்டத்தில் காப்பி போடும் வேலை எனக்கு வந்தது. மத்தியாஸ் தினமும் வேலை முடிந்து என் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். அவன் மனைவி கத்தரீனாள் மகளோடு கோயம்புத்தூரில் இருந்தாள். ஒரு வருடம் குடிக்காமல் இருந்தால் அங்கே வந்து சேரலாம் என்று சொல்லிவிட்டுப் போனவள். வருடம் முடிய இன்னும் ஏழு நாள். பெட்டிகூட வாங்கிவிட்டான். என்னிடம்தான் முதலில் காட்டினான். நீல நிறம். நல்ல பெட்டி.

நிதானமாக யோசித்தேன். அவன் போகவே கூடாது என்று நான் நினைக்கவில்லை. நடுவில் குடித்துவிட்டால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். இன்னும் ஒரு வருடம். அவன் வயதுக்கு ஒரு வருடம் பெரிதில்லை.

முதல் தடவையாக மதுக்கடை வரிசையில் நின்றேன். எதன் பெயரும் தெரியாததால் முன்னால் நின்றவர் வாங்கியதையே காட்டி வாங்கினேன். அந்த வாரம் மத்தியாஸுக்குக் கடும் சளி, மூக்கில் மணமே தெரியவில்லை. ஞாயிறு கூட்டத்துக்குப் போட்ட சுக்குக் காப்பியில் மிளகையும் கருப்பட்டியையும் கூட்டினேன். அவன் டம்ளரில் மட்டும் பாதிக்குக் காப்பி ஊற்றினேன்.

“நெஞ்சுக்கு எதமா இருக்கு அண்ணாச்சி. இன்னொன்னு தாங்க” என்றான்.

கொடுத்தேன். கேட்பவருக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை.

அவன் எழுந்து, முந்நூற்று ஐம்பத்தெட்டு நாள் என்றான். நாக்கு குழறியது. பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். “கர்த்தர் மேல ஆணை, நான் தொடல” என்றான். யாரையும் சந்தேகிக்காத அறை அது. அன்றைக்கு ஒருவனைச் சந்தேகித்தது. நானும் மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டேன்.

நடந்ததை அவனே கத்தரீனாளுக்குப் போன் செய்து சொன்னான். அவள் பாதியில் வைத்துவிட்டாள். மறுநாள் அவனே கடைக்குப் போனான்.

அதற்குப் பிறகும் தினமும் வந்தான். ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமானது. அழுவான், என் மடியிலேயே தூங்கிவிடுவான். போர்த்திவிடுவேன். அவை எனக்கு நல்ல மாதங்கள். ஆடி மழையில் போய்விட்டான். ஈரல் ஏற்கெனவே கெட்டிருந்ததாம். அதை யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. கத்தரீனாள் வந்து அடக்கம் முடித்துவிட்டு நீலப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

போன ஞாயிறு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எந்தக் கடை, எந்த டம்ளர், எவ்வளவு என்பது வரை. வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் கூட்டிச் சொல்லவில்லை. முடித்ததும் ஒருவர் என் கையைப் பிடித்து, “துக்கத்துல பேசுதீய அண்ணாச்சி. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல” என்றார். மற்றவர்களும் தலையசைத்தார்கள். ஆனைக் கதையை நம்பியவர்கள் இதை நம்பவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பூபதிராஜா ஈர டம்ளர்களோடு வாசலில் நின்றிருந்தான்.

“அன்னைக்கு மத்தியாஸ் டம்ளர நான்தான் கழுவுனேன்” என்றான். “சாராய நாத்தம். அவனே ஊத்திக்கிட்டான்னு நெனச்சு, ஜீப்புல வீடு வரைக்கும் திட்டிட்டே கொண்டுபோய் விட்டேன்.”

டம்ளர்களை ஒவ்வொன்றாக மேசையில் கவிழ்த்தான்.

“அண்ணாச்சி இத்தன வருசமா சொன்னதுல, இது ஒண்ணுதான் நடந்தது.”