பலகையின் மேல்பக்கம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஐயா. உங்கள் காவல் நிலைய வாசல் பலகையில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சரியில்லை. முதல் நான்கு எழுத்தும் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. கடைசி இரண்டும் கோபித்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டன. எழுதியவனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவனை ஒரு நாள் என்னிடம் அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாற்பத்தாறு வருடமாக நான் பெயர்ப்பலகை எழுதுகிறேன். தங்கையின் வீட்டுக்காரரும் நானும் கூட்டு. பட்டறை என் பொறுப்பு, வாடிக்கையாளரிடம் பேசுவது மாப்பிள்ளையின் பொறுப்பு. அவருடைய பேச்சைக் கேட்டு, கடையே இல்லாதவன்கூடப் பலகைக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

திருப்பிப் பிடித்தாலும் அப்படியே படிக்கவரும் சொல்லைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். அது லேசான வேலை இல்லை. நம் எழுத்துக்கு முதல் எதிரி புள்ளி. நிமிர்ந்திருக்கும்போது தலையில் இருக்கும். கவிழ்த்தால் காலடியில் வந்து உருளும். அதனால் புள்ளியே இல்லாத ஒரு சொல்லாகப் பார்த்து எடுத்தது: வருக. கவிழ்த்தால் வ போய் க ஆக வேண்டும், க போய் வ ஆக வேண்டும், நடுவிலுள்ள ரு இருந்த இடத்திலேயே தன்னைத் திருப்பிக்கொண்டு ரு ஆகவே நிற்க வேண்டும். வளைவு ஒரு நூல் தவறினாலும் போச்சு.

அதைச் சரிபார்க்க நான் ஆறு மாதம் பட்டறை உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கினேன். அங்கே குடியிருந்த வௌவால் முதலில் முறைத்தது, பிறகு நகர்ந்து இடம் விட்டது. மூன்றாம் மாதம் நான் நேராக நடந்தால்தான் தலை சுற்றியது. இதற்குச் சாட்சி இல்லை. வௌவாலும் இப்போது இல்லை.

அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் நான். இதை நீங்கள் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆனால் நாளிதழில் மாப்பிள்ளையின் படம் வந்தது. கீழே, "தலைகீழ் எழுத்தின் தந்தை" என்று போட்டிருந்தார்கள். பேட்டி எடுக்க வந்த பெண் என்னைப் பார்த்து, "நீங்க சாருக்கு உதவியாளரா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. இப்போதைக்கு அவர் மேல, நான் கீழ. கவுத்துப் போட்டா மாறிக்கும்" என்றேன். அவள் சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள். ஆனால் அச்சில் வரவில்லை.

அப்புறம் ஓவியர் சங்கத்தில் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் அவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "என் மச்சானுக்கும் நன்றி சொல்லணும். பெயின்ட் அடிச்சுக் குடுத்தது அவர்தான்" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பெயின்ட் அடிச்சுக் குடுத்தது. நாற்பத்தாறு வருடம் நான் என்னமோ சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்த மாதிரி.

கேடயத்தை மாட்ட அவர் வீட்டுச் சுவரில் ஆணி அடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? தங்கை கூப்பிட்டாள், போனேன், அடித்தேன். "கொஞ்சம் மேல, மச்சான். வாசல்ல இருந்து பார்த்தாத் தெரியணும்" என்றார் மாப்பிள்ளை. மேலே அடித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. சுத்தியல் கட்டைவிரலில் பட்டது, நகம் கறுத்தது, அவ்வளவுதான்.

பிறகு அவர் நகர நடுவில் புதுக் கடை திறப்பது என்று முடிவானது. வாசலுக்கு மேலே தொங்கவிட 'வருக' என்று எட்டடிப் பலகை. இரும்புச் சட்டம், கனத்த தகரம், நான்கு ஆள் தூக்கும் எடை. செய்தது நான்.

இங்கே கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும். பலகைக்கு நான்கு வளையம். மேல்விளிம்பில் இரண்டு, சட்டத்தோடு வெல்டிங் வைத்தவை. அவற்றில்தான் சங்கிலி மாட்டுவது. கீழ்விளிம்பில் இரண்டு, காற்றில் ஆடாமல் கயிறு கட்ட, தகரத்தில் ஈயம் வைத்து ஒட்டியவை. கவிழ்த்தாலும் ஒன்றுபோலத் தெரிய வேண்டிய பலகை என்பதால் நான்கையும் ஒரே அளவாக்கி, ஒரே சிவப்பு அடித்தேன். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அதற்காகத்தான் எங்கள் பட்டறையில் எந்தப் பலகையின் முதுகிலும் 'மேல்' என்று எழுதி ஓர் அம்புக்குறி போடுவோம். மற்ற பலகைகளுக்கு அது வெறும் சம்பிரதாயம், எழுத்தே சொல்லிவிடும். இதற்கு மட்டும்தான் அது உயிர்.

நேற்று உங்கள் எழுத்தரிடம், அம்புக்குறி போட மறந்துவிட்டேன், வயசாகிவிட்டது என்றேன். பாவம், தண்ணீர்கூடக் கொடுத்தார். அது சரியான தகவல் இல்லை.

போடாமல் விடுவது என்றுதான் முதலில் நினைத்தேன். தந்தை என்றால் பிள்ளையின் தலை எது, கால் எது என்று தெரியாதா? தெரிந்தால் பிழைத்துக்கொள்ளட்டும். ஐந்து நாள் யோசித்தேன். அம்பு இல்லாவிட்டால், தப்பாக மாட்டப் பாதி வாய்ப்பு, சரியாக மாட்டப் பாதி வாய்ப்பு. எனக்கு அரைகுறை வேலை பழக்கமில்லை, ஐயா.

அதனால் அம்பைப் போட்டேன். கீழ்விளிம்பைப் பார்த்துப் போட்டேன். பலகை உங்கள் கொல்லையில்தானே கிடக்கிறது, போய்ப் பாருங்கள். கோபத்தில் போட்ட கோடு என்றால் நடுங்கியிருக்கும். இதில் ஒரு பிசிறு இருக்காது.

மாட்ட வந்த ஏணிக்காரர் விவரமான ஆள். வளையத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தப் பக்கம் சத்தம் வேற மாதிரி இருக்கே. இதுதான் மேலயா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை சிரித்தார். "அட, எப்படித் தொங்கவிட்டாலும் 'வருக'தாம்பா. அதுக்குத்தானே கேடயமே குடுத்தாங்க."

"அது படிக்கிறவனுக்குங்க. தொங்குறதுக்கு மேல கீழ உண்டுங்களே."

"அம்பு போட்டிருக்கில்ல? எங்க மச்சான் அம்பு போட்டா அது சாமி வாக்கு மாதிரி. மாட்டுப்பா."

என்னைப் பற்றி அவர் நாலு பேர் முன்னால் நல்லதாகச் சொன்னது அது ஒரு தடவைதான். ஏணிக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

சும்மா தொங்கினால் ஈயம் பலகையின் எடையைத் தாங்கும். அசைந்தால் தாங்காது. அதைச் செங்கல் கட்டித் தொங்கவிட்டு முன்பே பார்த்து வைத்திருந்தேன். திறப்பு விழாவுக்குப் பலகையைத் துணியால் மூடி, கீழே நின்று கயிற்றை இழுத்தால் துணி விழுவது மாதிரி ஏற்பாடு. துணியைக் கட்டியது நான். சட்டத்தோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டேன். ஒன்றே போதும்.

காலை பத்து மணி. மாப்பிள்ளை புதுச் சட்டையில் நேர் கீழே வந்து நின்றார். தங்கை அவருக்குப் பக்கத்தில். நான், "இங்க வாம்மா, என் கண்ணாடியக் கொஞ்சம் பிடி, கண்ணுல தூசி" என்று அவளைத் தெருவின் இந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டேன். எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். பாசம் இல்லாதவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

அவர் இழுத்தார். துணி வரவில்லை. கூட்டத்தில் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன மச்சான், இப்படிக் கட்டி வச்சிருக்கீங்க?"

"புதுக் கயிறு மாப்ளே. நல்லாப் பலமா இழுங்க" என்றேன்.

இழுத்தார். என் பேச்சை அவர் கேட்டதும் அது ஒரு தடவைதான். பலகை விழும்போது ஒருமுறை சுழன்றது. அப்போதும் படிக்க முடிந்தது. வளைவுகள் அவ்வளவு சுத்தம்.

ஆக, செய்தது நான்தான். ஏணிக்காரரை விட்டுவிடுங்கள். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

இன்று காலை தங்கை வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். இப்போது உங்களுக்குச் சொன்னதை முதலில் அவளிடம்தான் சொன்னேன். அழவில்லை. அவளிடம் அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுண்ணே. அந்த வார்த்தைய அவரு எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில வரைஞ்சாரு. நான் பரிமாறிக்கிட்டு இருந்தேன். நீ எதிர்ல உக்காந்து சாப்பிட்டே. என் கண்ணால பார்த்தேன். அது எப்படிண்ணே உன்னோடதாச்சு? இதுக்கா அவரக் கொன்னே?"

அவளுக்குத் தொழில் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன். பென்சில் அவன் கையில் இருந்தது உண்மை. வ, ரு, க என்று கோடு இழுத்ததும் அவன்தான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அவன் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தான், நான் இந்தப் பக்கம். அவன் வரைந்து முடித்தபோது, தாளை யாரும் திருப்பாமலே, சொல் என்னைப் பார்த்து நேராக நின்றது. என்னைப் பார்த்து நேராக நிற்கிற எழுத்து, ஐயா, வேறு யாருடையதாக இருக்க முடியும்?